ஏவ்ரில் கேட்ட கேள்வி

இங்கிலாந்தின் ஹல் நகரத்துப் பள்ளிச் சமையலறையில் ஏவ்ரில் தாக்ரேயும் நானும் ஒன்றாக வேலை பார்த்தோம். 1983இல் ஒரு கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல அவளை ஜூரிக்கு அழைத்தார்கள்; ஜூரித் தலைவியும் ஆனாள். இரண்டு வாரம் கழித்துத் திரும்பியவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கிழங்கு உரித்துக்கொண்டிருப்பாள்; பாதியில் கத்தியை வைத்துவிட்டு வெளியே போய் நிற்பாள்.

அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட கீத் லம்லி துறைமுகத் தொழிலாளி. தங்கையை அடித்தவனைப் பயமுறுத்த, அவன் வீட்டுக் கதவின் தபால் துவாரத்தில் எரியும் துணியைத் திணித்தான். மாடியில் குடியிருந்த வேறொருவர் புகையில் இறந்துபோனார். யாரையும் கொல்ல நினைக்கவில்லை என்றான் கீத்.

ஜூரி அறையிலிருந்து ஏவ்ரில் கையெழுத்திட்ட சீட்டு ஒன்று நீதிபதிக்குப் போனது. ‘உயிர் போகலாம் என்று தெரிந்தே செய்திருந்தால், கொல்ல நினைத்ததாக ஆகுமா?’ அதை எல்லோர் முன்பும் வாசித்த நீதிபதி, “ஆகும், அது போதும்” என்றார். ஒரு மணி நேரத்தில் ஏவ்ரில் எழுந்து “குற்றவாளி” என்றாள். ஆயுள் தண்டனை.

“உள்ள என்னதான்டி பேசிக்கிட்டீங்க?” என்று கேட்டேன்.

“ஜூரி ரூம்ல பேசினத வெளிய சொன்னா என்னையும் ஜெயில்ல தள்ளிருவாங்க. ஆனா, மழை வரலாம்னு தெரிஞ்சுதானே துணி காயப்போடுறேன். நனையணும்னா போடுறேன்?”

அவள் கணவர் நெவில் சிரித்தார். “ரெண்டு வாரம் கோர்ட்டுல விக் வச்ச வக்கீலுங்களப் பாத்ததுல, அம்மா நீதிபதிக்கே பாடம் எடுக்குறாங்க.”

கடிதம் எழுதுவாள், கிழிப்பாள். கடைசியில் கீத்தின் வக்கீலுக்கு ஒரே வரி அனுப்பினாள்: ‘என் கேள்வியையும் அதற்கு வந்த பதிலையும் மறுபடி படியுங்கள்.’

மூன்றாம் வருடம் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பதில் தவறு என்றது. நடக்கலாம் என்று தெரிந்திருப்பது வேறு, நடக்க வேண்டும் என்று நினைப்பது வேறு. அந்தப் பதிலைக் கேட்டு ஜூரி சொன்ன தீர்ப்பை நம்பி ஒருவனைக் கொலைகாரன் என்று வைத்திருக்க முடியாது. கொலைக் குற்றம் நீங்கியது. கொல்லும் எண்ணமில்லாமல் மரணம் விளைவித்ததற்கு ஒன்பது வருடம்.

“இப்ப நிம்மதிதானே?” என்றேன்.

“செத்தவரு செத்தவருதானே. சரியான பதில் வந்திருந்தா நாங்க என்ன சொல்லியிருப்போம்? யாரப் போய்க் கேக்குறது?”

நன்னடத்தைக் கழிவு போக முன்பே விடுதலையான கீத், 1989இல் பஸ் நிறுத்தத்தில் எங்களை நோக்கி வந்தான். தலை நரைத்திருந்தது.

“எழுந்து நின்னு சொன்னது நீங்கதானே?”

“நான்தான்.”

“கேள்வி கேட்டதும் நீங்கதான்னு வக்கீல் சொன்னாரு.”

வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டான். எங்கள் பஸ்ஸும் அதுதான். ஏவ்ரில் ஏறவில்லை, வீடுவரை மூன்று மைல் நடந்தாள். கூட நடந்த என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.