மேல் வீட்டுத் துதிப்பாட்டு

குவைத்தில், மங்காஃபில் எங்களுக்கு மேல் வீட்டில் ஒரு கணவனும் மனைவியும் குடிவந்தார்கள். தூத்துக்குடிப் பக்கம். அந்த அம்மாள் நர்ஸ். லிஃப்டில் பார்த்தால் சிரிப்பார், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலைகளில் அங்கே முதலில் ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்கும். பிறகு இருவரும் பாடுவது எங்கள் குளியலறை வழியாக இறங்கி வரும். ஒரே குரல்போல, மிகத் தணிந்து. தாளம் கிடையாது. நிறைய சொற்களை ஒரே சுரத்தில் சொல்லிக்கொண்டே போய், திடீரென்று ஓர் எழுத்தை மட்டும் பிடித்து ஐந்தாறு சுரங்களில் இழுப்பார்கள். தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. கல்யாணத்துக்கு முன் எட்டு வருஷம் வீணை கற்றவள் நான். உற்றுக் கேட்டால் தோடி மாதிரி இருந்தது, கமகத்தையெல்லாம் சீவி எடுத்துவிட்ட தோடி. யாருக்கோ ஒப்பாரி வைப்பதுபோலப் பட்டது. அதை ஏன் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாட வேண்டும்?

ஒரு நாள் எட்டாவது படிக்கும் என் மகள் தலை வாரிக்கொண்டே அதை முணுமுணுத்தாள்.

"மேல போனியா? அந்த ஆன்ட்டி கூப்பிட்டாங்களா?"

"நோ அம்மா. பாத்ரூம்ல கேக்குது. இட்ஸ் ஜஸ்ட் அ டியூன்."

நான் நம்பவில்லை. மேலிருந்து ஏதாவது புத்தகம் கொடுத்திருக்கிறார்களா என்று அவள் பள்ளிப் பையைத் துழாவினேன். ஒன்றுமில்லை. அப்படியும் மனம் அடங்காமல் மேலே போய் மணியடித்தேன்.

கதவு பாதிதான் திறந்தது. "சத்தம் கேக்குதாக்கா? நிப்பாட்டிருதோம். வாட்ச்மேன்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க. வீட்ல ஜெபக்கூட்டம் நடத்துதோம்னு நெனச்சிருவாங்க. இந்த ஊர்ல அதுக்கு அனுமதி இல்லல்லா."

"என்ன பாட்டு அது? யாராவது தவறிட்டாங்களா?"

"ஐயோ, இல்லக்கா. லத்தீன்ல ஸ்தோத்திரப் பாட்டு. ரொம்பப் பழசு. சந்தோசத்துக்குப் பாடுதது. சர்ச் கொயருக்காகப் படிக்கோம்."

சந்தோஷத்துக்கா இந்த ராகம் என்று எனக்குச் சந்தேகம். ஒரு வரி பாடச் சொன்னேன். தயங்கித் தயங்கிப் பாடினார். மூச்சு எவ்வளவு நேரம் நிற்குமோ அவ்வளவுதான் ஒரு வரியின் நீளம். குரல் எங்கேயும் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. கடைசியில் அரைச் சுரம் சறுக்கி, ஏதோ சொல்லாமல் விட்டதுபோல் நின்றது. அழகாக இருந்தது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

"என் பொண்ணு இங்க வந்தாளா?"

"ஒரு நாளும் வரலக்கா."

முக்கால்வாசி நம்பினேன்.

இரண்டு வாரத்தில் யாரோ புகார் சொல்ல, வாட்ச்மேன் மேலே போய்ப் பேசிவிட்டு வந்தார். பாட்டு நின்றது. லிஃப்டில் அந்த அம்மாள் சிரிப்பதும் நின்றது.

"நான் சொல்லலைங்க," என்றேன் ஒரு நாள்.

"சரிக்கா," என்றார், என் முகத்தைப் பார்க்காமலே.

மேலே பாடுகிறார்கள் என்று நான் சொல்லியிருந்தது என் கணவரிடம் மட்டும்தான். அன்று சாயங்காலம் அவரிடம் கேட்டேன்.

"வாட்ச்மேன்கிட்ட நீங்களா சொன்னீங்க?"

"எதை?" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.