அந்தோணியின் சாய்ந்த தலை

போன செவ்வாய்க்கிழமை குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஸ்டாண்டு ஜட்காக்காரர் அந்தோணி விடியற்காலையில் இறந்துபோய்விட்டார் என்று வந்து சொன்னார்கள். ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஏறிய எல்லோருக்கும் அவரைத் தெரியும். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

அவருக்குச் சின்ன வயதிலிருந்தே காக்காய் வலிப்பு. நயா பைசா வந்த வருஷம், காவிரிப் பாலத்தில் கடிவாளம் கையிலிருக்கும்போதே இழுத்துவிட்டது. அன்றே வண்டியை நிறுத்தினார். புத்தூர் டாக்டர் சொல்லி, மெட்ராஸ் போய் மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டார். நாங்கள் பயந்தோம். "குதிரையை விட்டுட்டு உக்காந்திருக்கிறதுக்கு இது தேவலை" என்றார்.

வலிப்பு நின்றது. மாத்திரையை மட்டும் விடவில்லை. டாக்டர் சொன்னபடி ஒரு வருஷம் காத்திருந்து வண்டி பூட்ட வந்தார். ஆனால் தலை எப்போதும் இடத்தோள் பக்கம் சாய்ந்தே இருந்தது.

ஸ்டாண்டில் சுளுக்கு எடுப்பவன் நான். ஒன்றும் கேட்காமல் பின்னால் போய்த் தலையைப் பிடித்து ஒரே திருப்பு. சாயாமலிருக்கத் துண்டைச் சுருட்டிக் கழுத்தில் கட்டியும் விட்டேன். அவர் அந்தத் துண்டோடேயே ஆற்றுக்குப் போனார். குதிரையைக் குளிப்பாட்ட ஆற்றுப் படிக்கட்டில் இறங்கியவர், இல்லாத படியை மிதித்து விழுந்தார். நெற்றி பிளந்தது.

ரத்தத்தைத் துடைக்கும்போதுதான் சொன்னார்: "கழுத்துல ஒண்ணுமில்லைண்ணே. ஆபரேஷனுக்கப்புறம் கண்ணைத் திருப்புற நரம்பு பழுதாயிடுச்சு. எல்லாம் ரெண்டாத் தெரியுது. தலையைச் சாய்ச்சா ஒண்ணாயிடும். வெளியில தெரிஞ்சா யாரு ஏறுவாங்க?"

நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். மறுநாள் அவரே ஸ்டாண்டில் நின்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். மறைத்து ஓட்டினால் பாவம் என்றார். அப்போ உனக்கு ரெண்டு குதிரையா என்று ஒருத்தர் கேலி செய்தார். "ஆமா. தீனி மட்டும் ஒண்ணுக்குத்தான்" என்றார் அந்தோணி.

நாலு நாள் யாரும் ஏறவில்லை. ஐந்தாம் நாள் என் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு நான் ஏறினேன். பாலத்தில் எதிரே பஸ் வந்தது. அவர் தலை இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. வண்டி ஓரமாக, கோடு போட்டதுபோல் போனது. அதற்குப் பிறகு பத்து வருஷம், ஏறியவர் ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை.

சவப்பெட்டியில் தலையை நேராக வைத்திருந்தார்கள். வேறு யாரோபோல இருந்தார். "கொஞ்சம் சாய்ச்சு வைக்கட்டுமாம்மா?" என்று அவர் மனைவி மேரியிடம் கேட்டேன். "வைங்கண்ணே" என்றார்.

ஒருத்தர் மேல் கை வைக்கும் முன் கேட்கிற வழக்கம், அவருடைய நெற்றித் தழும்பிலிருந்து எனக்கு வந்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.