அத்தானின் நாய், அக்காவின் துவர்த்து

என் அத்தான் திருவனந்தபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் பெரிய அதிகாரி. அவர் தொண்டையைச் செருமினால் அங்கே நாலு பேர் எழுந்து நிற்பார்கள். வீட்டில் அக்காவும் சரி, மாடியறையில் தங்கி வேலைக்குப் போய்வந்த நானும் சரி, அப்படி எழுந்ததில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஒரு லாப்ரடார் குட்டியை வாங்கினார் என்று இப்போதும் நம்புகிறேன்.

பயிற்சிக்கு ஓர் ஆள் வந்தார். பட்டாளத்துக்காரர் மாதிரி கால்சட்டை, கழுத்தில் விசில். நாய்க்கு எஜமானன் ஒருவன்தான் இருக்கவேண்டும், மற்றவர்கள் கொஞ்சினால் அது கெட்டுப்போகும் என்று மலையாளத்தில் வகுப்பெடுத்தார். அத்தானுக்கு இது தேவவாக்கு. காலையில் முற்றத்தில் நின்று ‘சிட்’, ‘ஸ்டே’ என்று ஆங்கிலத்தில் ஆணையிடுவார். நாயும் உட்காரும், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு. அவருடைய அலுவலகத்திலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

அத்தான் கார் ஏறிப் போனதும் வீடு மாறிவிடும். அக்கா கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. மதியத்துக்கு மேல்தான் வகுப்பு. குளித்துத் துவட்டும் பழைய துவர்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவாள். ஒரு முனை அவள் கையில், மறுமுனை நாயின் வாயில். இழுப்பார்கள், உறுமுவார்கள், யார் உறுமுவது என்று மாடியிலிருந்து எனக்குத் தெரியாது. “விடு மக்ளே” என்பாள். விட்டால் உடனே துவர்த்தை மறுபடி நீட்டுவாள். விட்டால்தான் ஆட்டம் தொடரும் என்று நாய்க்குப் புரிந்துவிட்டது. சிலசமயம் அவள் துவர்த்தோடு ஓடி வாழைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள், அது தேடிக் கண்டுபிடிக்கும். எங்களூரில் பிள்ளைகளை அழைக்கும் அந்த ‘மக்ளே’தான் அதற்குப் பெயராக நிலைத்தது. அத்தான் வைத்திருந்த ஆங்கிலப் பெயர் தடுப்பூசி அட்டையில் மட்டும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்முடி மலைக்குப் புறப்பட்டு, வழியில் கல்லாற்றில் டீக்கு நிறுத்தினோம். முந்தின நாள் மழையில் ஆறு பெருகி ஓடியது. பாறைமேல் ஒரு குரங்கைப் பார்த்ததும் நாய் வாரை உருவிக்கொண்டு பாய்ந்தது. குரங்கு தாவித் தாவி நீரோட்டத்தின் பக்கம் போக, நாயும் பின்னாலேயே போனது.

அத்தான் இடுப்பில் கைவைத்து, “ஸ்டே!” என்றார். நாய் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த பாறைக்குத் தாவியது. அவர் இன்னும் பெரிய குரலில் சொன்னார். டீக்கடை பெஞ்சில் இருந்த ஒருவர், பட்டிக்கு இங்கிலீஷ் அறியில்லையோ சாரே என்று நாயைக் காட்டி மரியாதையாகவே விசாரித்தார்.

அக்கா பையிலிருந்து துவர்த்தை உருவினாள். நாயை நோக்கிப் போகவில்லை, “மக்ளே!” என்று கூவி அதை உதறிக்காட்டிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்த்திசையில் ஓடினாள். நாய் நின்றது. திரும்பியது. வழுக்குப் பாறைகளைத் தாண்டிப் பாய்ந்து வந்து துவர்த்தைக் கவ்வியது. அக்கா கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பொன்முடி போகவில்லை. திரும்பும் வழியில் வண்டி ஓட்டிக்கொண்டே அத்தான் சொன்னார்.

“பாத்தியா, நான் குடுத்த ட்ரெயினிங் வீண் போகல்ல.”

அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் சிரிப்பை அடக்க இருமினேன்.

மறுநாள் மாலை அவரே கொல்லைக்கு வந்து துவர்த்தை நீட்டினார். நாய் அவரைப் பார்த்ததும் விறைப்பாக உட்கார்ந்தது. அவர் துவர்த்தை ஆட்ட ஆட்ட அது இன்னும் விறைத்தது.

“ஆபீஸ் மூஞ்சியோட நிக்கிறீங்க. அது எப்படி விளையாடும்? கீழ குனியுங்க” என்றாள் அக்கா.

அத்தான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, நாலுகாலில் இறங்கினார். நாய் தயங்கித் தயங்கி வந்து அவர் காதை முகர்ந்தது, பிறகு துவர்த்தின் நுனியைக் கவ்வியது. அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் மதில்மேல் தலைநீட்டி, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார்.

கண்ணாடி விழுந்துவிட்டது என்றார் அத்தான். கண்ணாடி அவர் மூக்கின்மேல்தான் இருந்தது.