ஆபாசம் என்று அழித்த பக்கம்

ஒரு திங்கட்கிழமை காலையில் சமூக ஊடகத்தில் இருந்த எங்கள் பக்கம் காணாமல் போயிருந்தது. தச்சநல்லூரில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில், கல்யாணப் பத்திரிகை ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். கல்லிடைக்குறிச்சியிலிருந்து அக்கா அழைத்தாள்.

“ஏட்டி, நம்ம நீச்சல் பக்கத்தத் திறந்தா ஒண்ணும் வரமாட்டேங்கு. நீ எதையும் அமுக்கிட்டியா?”

நான் எதையும் அமுக்கவில்லை. கைபேசியில் ஒரு அறிவிப்பு கிடந்தது. ஆபாசமான படத்தைப் பகிர்ந்ததால் பக்கம் நீக்கப்பட்டது என்று எழுதியிருந்தது. கீழே அந்தப் படமும் இருந்தது. சுடிதாரும் நைட்டியும் போட்ட ஐந்து பெண்கள் தலைமுடி சொட்டச் சொட்டப் படித்துறையில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். அன்றைக்குத்தான் முதன்முதலாக ஆற்றைக் குறுக்கே நீந்திக் கடந்திருந்தோம். அந்த ஐவரில் நானும் ஒருத்தி. நாற்பது வயதுக்கு மேல் நான் அப்படிச் சிரித்து எடுத்த படம் வேறு கிடையாது.

அக்கா பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். சில வருடங்களுக்கு முன்னால் அவள் தெருவில் குடியிருந்த பெண் ஒருத்தி துணி அலசும்போது கால் வழுக்கி ஆற்றோடு போனாள். கரையில் அத்தனை பெண்கள் நின்றும் ஒருத்திக்கும் நீந்தத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். காலை ரயிலைப் பிடித்து நானும் போய்விடுவேன். எங்கே, எத்தனை மணிக்கு வகுப்பு என்பதை அந்தப் பக்கத்தில்தான் போடுவோம். பாபநாசத்தில் இருக்கும் எங்கள் தோழி ஒருத்தி, அணையில் தண்ணீர் திறந்தால் உடனே “தண்ணி கூடுது, யாரும் இறங்காதீங்க” என்று எழுதுவாள். நீச்சலில் அக்கறை இல்லாதவர்கள்கூட அந்த ஒரு வரிக்காகப் பக்கத்தைப் பார்த்தார்கள்.

மேல்முறையீடு செய்ய ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை. யார் பரிசீலித்தார்கள்? தொலைபேசி எண் இல்லை. அலுவலகம் இல்லை. படித்துறையில் பெண்கள் நீந்துவதைப் பிடிக்காத சிலர் கூட்டமாகச் சேர்ந்து புகார் கொடுத்திருக்கலாம் என்று பேச்சு இருந்தது. அதையும் எங்களால் தெரிந்துகொள்ள முடியவில்லை.

அந்த ஞாயிறு அக்கா தண்ணீரில் இறங்கவில்லை. படியில் உட்கார்ந்தபடியே சொன்னாள்: “பொம்பள நனஞ்சிருந்தா ஆபாசமாம். இதச் சொல்லுதவன் யாருன்னு கேட்டா ஆளே இல்லங்காங்க. ஆளில்லாத இடத்துல நாம என்னத்துக்கு இருக்கணும்?”

எங்களோடு நீந்தக் கற்றவர்களில் ஒருத்தி மென்பொருள் வேலையில் இருந்தாள். சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்பவள். அவள்தான் வழி சொன்னாள்.

“நாமளே சொந்தமா ஒரு சர்வர் வைக்கலாம்க்கா. எந்நேரமும் ஓடுத மாதிரி ஒரு பழைய கம்ப்யூட்டர் போதும். அதுல நம்ம பக்கம் ஓடும். உலகத்துல இந்த மாதிரி சொந்தமா வச்சிருக்க ஆளுங்க நெறைய பேர் இருக்காங்க. அவங்க சர்வரும் நம்ம சர்வரும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிடும். மொத்தத்துக்கும் முதலாளின்னு ஒருத்தன் கெடையாது.”

“அப்ப நம்மள யாரும் தூக்க முடியாதா?” என்று கேட்டேன்.

“நாமளா அணைச்சாத்தான் உண்டு.”

எனக்கு அது போதும். அச்சகத்தில் ஓரங்கட்டிக் கிடந்த பழைய கணினி ஒன்றை முதலாளி அண்ணாச்சியிடம் கேட்டேன். காகிதக் கட்டுகள் அடுக்கிய அறையில் ஒரு மூலையும் கேட்டேன்.

“ஏம்மா, பெரிய கம்பெனிக்காரன் சும்மா குடுக்கான். நீ எதுக்குக் கரண்ட செலவழிச்சுக்கிட்டு?” என்றார்.

“சும்மா குடுத்தவன்தான் அண்ணாச்சி சொல்லாமக் கொள்ளாமப் புடுங்கிட்டான்.”

அவர், “சரி, வச்சுக்கோ. பத்திரிகை வேலைக்கு எடஞ்சல் வரக்கூடாது” என்றார்.

முதல் தடங்கல் இணைய இணைப்பில் வந்தது. வெளியிலிருந்து எங்கள் கணினியைக் கண்டுபிடிக்க நிலையான முகவரி ஒன்று வேண்டும். இணைப்புக் கொடுக்கும் கடைப் பையனிடம் அதை என் பேரில் கேட்டபோது, “தனி ஆளுக்கு அதெல்லாம் தரமாட்டோம்க்கா, கம்பெனின்னா தருவோம்” என்றான். பெரிய நிறுவனம் ஒன்றின் சர்வரில் இடம் வாடகைக்கு எடுத்தால் எளிது என்று மென்பொருள்காரி சொன்னாள். ஒரு ராட்சசனிடமிருந்து தப்பி இன்னொருவன் மடியில் உட்காருவதா? எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் அண்ணாச்சி அச்சகத்தின் பேரில் விண்ணப்பம் எழுதிக்கொடுத்தார்.

பக்கம் எழுந்து நின்றது. ஆட்கள்தான் வரவில்லை.

அந்தத் துன்பத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. புதிதாக ஒரு செயலியை இறக்கச் சொன்னால், “இது எங்க வீட்டுக்காரரு போனு, அவர்ட்ட கேக்கணும்” என்றார்கள். இறக்கியவர்களிடம் அது முதலில் கேட்டது: எந்த சர்வர்? பாதிப் பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள். கணக்கின் பெயர் நீளமாக, இரண்டு @ சுழிகளோடு இருந்தது. வாயால் சொன்னால் யாருக்கும் விளங்காது. திரையில் எல்லாம் ஆங்கிலம். நான் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் மாற்றினேன். பிழைப்பே எழுத்தோடுதான் என்பதால் அந்த வேலை மட்டும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ‘பின்தொடர்’ என்று போட்டதைப் பார்த்து அக்கா முகத்தைச் சுளித்தாள். “பொம்பளப் பிள்ளைய எவனோ பின்தொடருதான்னா நல்லாவா இருக்கு?” என்றாள். ‘சேர்ந்துகொள்’ என்று மாற்றினேன்.

பிறகு ஒரு ஞாயிறு, எனக்கு இன்றைக்கும் உறுத்தும் ஞாயிறு. சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று அன்று நான் ரயில் ஏறவில்லை. மழையில் தச்சநல்லூர்ப் பக்கம் மின்மாற்றி பழுதாகி மின்சாரம் நின்றது. அச்சகம் பூட்டியிருந்தது. மாற்று மின்கலமும் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. பாபநாசத்துத் தோழி போட்ட தண்ணீர்ச் செய்தி யாருக்கும் போய்ச் சேரவில்லை. கல்லிடைக்குறிச்சியில் பெண்கள் ஆற்றுக்குள் நின்றார்கள். தண்ணீர் கலங்கி, சருகுகள் மிதந்து வருவதை அக்கா பார்த்துவிட்டாள். விசிலடித்து எல்லோரையும் கரையேற்றினாள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கரையேறிய கையோடு என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“பக்கத்தத் தூக்குனவன் ஆளில்லாதவன், சரி. நீ ஆளு இருக்கேல்லா? உன் மிஷின் ஏன் செத்துக் கெடந்துது?”

பெரிய நிறுவனத்தில் ஒரு இயந்திரம் நின்றால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும். எங்களுக்கு இருந்தது ஒன்று. அன்று அந்தப் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கழற்றவில்லை. அடுத்த வாரம் மென்பொருள்காரியும் நானும் பாபநாசத்துக்குப் போனோம். தோழியின் வீட்டிலேயே சிறியதாக இரண்டாவது இயந்திரம் ஒன்றை வைத்தோம். தண்ணீர்ச் செய்தி இனி அங்கிருந்தே வரும். கணக்கு இல்லாதவர்களும் சும்மா திறந்து பார்க்கலாம். அதோடு, செய்தி போட்ட கையோடு அவள் அக்காவைக் கூப்பிட்டும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

மாதங்கள் கழித்து, பழைய பக்கம் தானாகத் திரும்பி வந்தது. ‘தவறுதலாக நீக்கப்பட்டது’ என்று ஒற்றை வரி. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. பெண்களுக்கு ஒரே சந்தோஷம். படித்துறையில் ஈரத்துணியோடு உட்கார்ந்து பேசினோம்.

“குடுத்தவன் நாளைக்கும் எடுப்பான்” என்றேன் நான்.

எங்களில் மூத்தவள், கடை வைத்திருப்பவள், நிதானமாகச் சொன்னாள்: “நீ சொல்லுதது நியாயந்தான். ஆனா எங்க மதினி, எங்க பிள்ளைங்க, ஊருல உள்ளவ எல்லாம் அங்கனதான இருக்கா. நீங்க நாலு பேரு நடுக்காட்டுல வீட்டக் கட்டிட்டு எல்லாரையும் வாங்கன்னா எப்பிடி வருவா?”

அவள் சொன்னதில் பிழை இல்லை. தடை என்பது கம்பியிலோ மின்சாரத்திலோ இல்லை, ஏற்கெனவே எல்லோரும் அங்கே இருப்பதுதான் தடை என்று அன்றைக்குப் புரிந்தது. உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் தண்ணீர்ச் செய்தியை மட்டும் இரண்டு இடத்திலும் போடுவது என்று ஒத்துக்கொண்டேன். மற்ற எதையும் நான் அங்கே எழுத மாட்டேன் என்றேன்.

“இது பிடிவாதம்க்கா” என்றாள் மென்பொருள்காரி, சிரித்துக்கொண்டே.

“ஆமா. பிடிவாதந்தான்.”

பெரும்பாலோர் திரும்பிப் போனார்கள். கடைக்காரியும் போனாள். ஞாயிறுதோறும் என்னோடு நீந்துகிறாள், அதில் ஒரு குறையும் இல்லை. எங்கள் பெட்டியில் மிஞ்சியது ஒரு கைப்பிடிப் பேர். விசேஷ வீடுகளில் சொந்தக்காரர்கள் இப்போதும் கேட்கிறார்கள், அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று. கொஞ்சம் பேர்தான், ஆனால் என் முகத்தை ஆபாசம் என்று சொல்ல அங்கே எவனும் இல்லை என்பேன். அண்ணாச்சி மாற்று மின்கலத்தைப் பெரியதாக மாற்றிக் கொடுத்துவிட்டார், எனக்காக இல்லை, அச்சகத்துக்காக என்று சொல்லிக்கொண்டே.

போன மாதம் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒரு பெண் அச்சகத்துக்கு வந்தாள். அவர்கள் ஊரிலும் பெண்கள் சேர்ந்து நீந்துகிறார்களாம். தாங்களும் இப்படி ஒன்று வைக்க வேண்டும் என்றாள். நான் எதையும் மறைக்கவில்லை. ஆட்கள் வரமாட்டார்கள், மின்சாரம் போகும், வீட்டில் திட்டுவார்கள், எது நின்றாலும் பதில் சொல்ல உன்னைத் தவிர வேறு ஆள் இருக்காது என்றேன். கணினியைக் காட்டினேன். அது மெல்ல இரைந்துகொண்டிருந்தது.

அவள் குனிந்து பின்பக்கத்து வயர்களைப் பார்த்தாள்.

“சரிக்கா. இதுல மொதல்ல எதச் சொருகணும்?” என்றாள்.