கழுத்தைத் தூக்கியதா, நீட்டியதா: ஆரணியில் ஒரு டைனோசர் பட்டு

என் மகள் யாழினி டைனோசர் எலும்புகளை ஆராய்கிறாள். அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் கௌதமுக்கும் அதே வேலைதான். கல்யாணப் புடவையில் மயில், அன்னம் எதுவும் கூடாது, பார்டர் முழுக்க நீளக் கழுத்து டைனோசர்தான் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒற்றுமை அதோடு சரி. அந்தப் பிராணி ஒட்டகச்சிவிங்கி போலக் கழுத்தைத் தூக்கி வைத்திருந்தது என்பது மாப்பிள்ளை கட்சி. தரைக்கு இணையாக நீட்டி வைத்திருந்தது என்பது என் மகள் கட்சி. விஞ்ஞானிகளுக்கே இன்னும் முடிவாகத் தெரியாதாம். அதற்காக இதுகள் இரண்டும் நான்கு நாளாகப் பேசிக்கொள்ளவில்லை. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நிலையில்தான் போன சனிக்கிழமை நானும் அவளும் ஆரணிக்குக் கிளம்பினோம். வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். காலை ஏழு மணி பஸ் என்றால் உட்கார இடம் கிடைக்கும். இறங்கி இட்லி, வடை, காபி, இரண்டு பேருக்கும் நூற்றுப்பத்து ரூபாய். அவள் ஒரு இட்லியோடு எழுந்துவிட்டாள்.

டிசைன் போடும் செல்வம் கம்ப்யூட்டர் முன்னால் காத்திருந்தார். அவர் படத்தைக் கட்டம் கட்டமாக வரைந்து தந்தால்தான் தறியில் மாட்டும் அட்டையில் துளை குத்த முடியும்.

"இது இன்னா கலருங்க?"

"தெரியாதுங்க" என்றாள் யாழினி.

"முதுகுல முள்ளு?"

"சிலதுக்கு இருந்திருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது."

"கழுத்து?"

அவள் போனை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பையில் போட்டாள்.

"மேடம், நீங்க தெரியாது தெரியாதுன்னு சொல்லிகினு இருந்தா நான் எந்தக் கட்டத்துல புள்ளி வைக்கிறது? அட்டை குத்திட்டா அப்பால மாத்துறது பேஜாருங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இவள் தன் கட்சியைப் போட்டுவிட்டால், அதைப் பார்த்துக்கொண்டேதானே அந்தப் பையன் தாலி கட்ட வேண்டும்?

"ரெண்டு பார்டரும் ஒரே மாதிரியா, இல்ல கங்கா ஜமுனா கணக்கா வேற வேறயா?" என்று செல்வம் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

யாழினி திரையில் விரலை வைத்துக் காட்டினாள். "கீழே பெரிய பார்டர்ல கழுத்தைத் தூக்கினது. மேலே சின்னதுல நீட்டினது."

"மேல் பார்டரை இடுப்புல சொருகிட்டா உன்னோடது மறைஞ்சிடுமேடி" என்றேன்.

"மறையட்டும்மா."

புடவை நெய்யப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. படத்தைக் கையோடு கொண்டுபோங்கள், சண்டையை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். புது டிசைன் என்றால் மூன்று மாதம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

திரும்பும் பஸ்ஸில் அவளே கௌதமுக்குப் போன் போட்டாள். "கீழ் பார்டர் உனக்கு. ஆனா நாளைக்கு ஒரு எலும்பு கிடைச்சு, நான் சொன்னதுதான் சரின்னு ஆச்சுன்னா எனக்கு இன்னொரு பட்டுப்புடவை. உன் செலவு."

அந்தப் பக்கம் அவன் சிரித்தது எனக்கே கேட்டது. கண்ணமங்கலம் வருவதற்குள் நான் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.