தரை மிஸ்

மறுபடியும் தரையில் படுத்துவிட்டார் மிஸ். பொம்மைப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டு ஒரு பையன் காலை உதைத்துக் கத்திக்கொண்டிருக்கிறான். அவனுக்குக் கொஞ்சம் தள்ளி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, மல்லாந்து கிடக்கிறார். தொடுவதில்லை, அதட்டுவதில்லை, கொஞ்சுவதும் இல்லை. கூரையில் ஈரம் ஊறிய கறையைப் பார்த்து, "இந்த ஒட்டகம் இன்னும் தண்ணியே குடிக்கல போலிருக்கே" என்று தனக்குத்தானே முணுமுணுக்கிறார். பையன் கத்தலைப் பாதியில் நிறுத்தி, "எங்க?" என்கிறான். அவ்வளவுதான், காரியம் முடிந்தது.

இரண்டு அறைகள் மட்டுமே உள்ள அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் அவருக்குத் 'தரை மிஸ்' என்று பேர் வைத்தது பிள்ளைகள்தான். ஐம்பதைத் தாண்டிய உடம்பு. படுக்கச் சிரமமில்லை, எழுந்திருக்கத்தான் நாற்காலி வேண்டும். முதுகில் எந்நேரமும் பென்சில் சீவிய தூள் ஒட்டியிருக்கும். நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்பார். பிள்ளைகளைக் கொண்டுவிட வரும் பெற்றோருக்கு அவர் சொல்லும் முதல் பாடம் ஒன்று உண்டு: "நான் பிள்ளைக்குப் பராக்கு காட்டறேன், நீங்க அது கண்ணுல படாம நழுவிடுங்க."

மதியச் சாப்பாடு ஆனதும் பச்சைத் திரையை இழுத்துவிடுவார். அறை குளத்துக்கு அடியில் இறங்கிவிடும். பச்சை வெளிச்சத்தில் பிள்ளைகள் ஒவ்வொன்றாய்க் கண் சொக்கிச் சாய, மின்விசிறியின் நிழல் அவர்கள்மேல் மெல்லத் தடவிப் போகும். மிஸ்ஸும் அரைத்தூக்கத்தில் மிதப்பார். அப்போது எல்லாப் பிள்ளைகளின் மூச்சும் ஒரே மூச்சாகக் கேட்குமாம். தன் உண்மையான சம்பளமே அதுதான் என்று சமையல் அக்காவிடம் சொல்வார். "அப்ப பணத்த என்கிட்ட குடுத்துடுங்க" என்பார் அக்கா.

அந்தச் சம்பளத்தில் மண்ணள்ளிப் போட வந்து சேர்ந்தாள் நாலு வயதுப் பெண் ஒருத்தி. காலையெல்லாம் இருக்கும் இடம் தெரியாது. அறை அடங்கியதும் ஆரம்பிப்பாள். தூங்கும் பிள்ளைகளின் போர்வையை உருவுவாள், முடியைப் பிடித்து இழுப்பாள், இமையை விரலால் திறப்பாள். தடுத்தால் கடிப்பாள். பிறகு ஊரைக் கூட்டும் அலறல். சமையல் அக்கா அவளுக்குச் 'சங்கு' என்றே பேர் வைத்துவிட்டார். "மில்லுச் சங்கு ஊதிடுச்சு பாருங்க. ஷிஃப்ட் மாறிடுச்சு."

முன்பிருந்த காப்பகம் அவளை வேண்டாமென்று அனுப்பியிருந்தது. இங்கே கடிபட்ட பையனின் அப்பா, மகனின் கையைத் தூக்கிக் காட்டி, "மாசக் கடைசியில வருவேன் மிஸ். அவளா நாங்களான்னு ஒரு முடிவு சொல்லிடுங்க" என்றார். பின்னால் நின்ற பெற்றோரும் தலையாட்டினார்கள். அவர்கள் எல்லோரும் போய்விட்டால் காப்பகத்தை மூட வேண்டியதுதான். பெண்ணை அனுப்பினாலோ, அவள் அம்மா வேலைக்குப் போக முடியாது.

தனக்குத் தெரிந்த வைத்தியத்தையே செய்தார். அவள் பக்கத்தில் படுத்தார், கண்ணை மூடினார், மூச்சை நிதானமாக விட்டார். எரிகிற தீயில் எண்ணெய் விட்டது மாதிரி ஆயிற்று. முழங்கைக்குக் கீழே பல் பதிந்ததுதான் மிச்சம். ஆனாலும் மனுஷி விடவில்லை, தினமும் படுத்தார்.

ஒரு மதியம் நிஜமாகவே கண்ணயர்ந்துவிட்டார். ஏதோ தண்ணீர், அதில் தான் மட்டும் மிதந்து போவது போல ஒரு கனவு. கனவுக்குள் யாரோ அவர் இமையைப் பிடித்துத் தூக்கினார்கள். பச்சை வெளிச்சத்தில், உதடு பிதுங்கிய ஒரு சின்ன முகம்.

"போகாத" என்றாள் அந்தப் பெண்.

மல்லாந்து கிடக்கிறவள் எங்கே போவாள்? மிஸ் படுத்தபடியே அதை வெகுநேரம் யோசித்தார்.

அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. பகலில் தூங்கி எழுந்து சாயங்காலம் பெண்ணை அழைத்துப்போக வருவாள். அன்று மிஸ் அவளை நிறுத்தி, ராத்திரி எப்படிக் கிளம்புவாள் என்று கேட்டார்.

"என்னைக் கட்டிக்கிட்டுதான் மிஸ் தூங்குவா. தூங்கினதும் மெதுவா கைய எடுத்துட்டுக் கிளம்பிடுவேன். முழிக்கறப்ப அவ சித்தி பக்கத்துல இருப்பா."

"சொல்லிட்டுப் போகக்கூடாதா?"

"சொன்னா விடமாட்டா. அழற முகத்தப் பாத்தா எனக்கும் கால் நகராது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "நீங்கதானே மிஸ் சொன்னீங்க, கண்ணுல படாம நழுவிடுங்கன்னு."

மிஸ்ஸுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. இத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அந்தப் பெண்ணுக்குத் தூக்கம் என்றால் ஆள் காணாமல் போகும் நேரம். தான் வேறு தினமும் அவள் கண்ணெதிரே கண்ணை மூடிக் காட்டியிருக்கிறோம். "இனிமே எழுப்பிச் சொல்லிட்டுப் போம்மா. அழட்டும். தப்பு என்னுது" என்றார்.

மறுநாளிலிருந்து எல்லாப் பெற்றோரும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்றாயிற்று. காலையில் வாசலில் ஒரே அழுகைக் கச்சேரி. "நல்லா இருந்த இடத்தக் கெடுத்து வச்சுட்டீங்க" என்றார் சமையல் அக்கா. மிஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தண்ணீர் குடிக்கப் போனாலும் அந்தப் பெண்ணிடம், "அடுப்படிக்குப் போறேன், வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார், வந்ததும் "வந்துட்டேன்" என்றார். மதியத்தில் கண்ணை மூடாமல் படுத்திருந்தார். கடி குறைந்தது. அலறல் அழுகையாக இறங்கி, அழுகை சிணுங்கலாயிற்று. தூக்கம் மட்டும் வரவில்லை.

மாதத்தின் கடைசி நாள் வந்தது. திரை இழுத்தாயிற்று. மிஸ்ஸின் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்த பெண், பேச்சில்லாமல், யாரும் எதிர்பாராமல், தூங்கிப்போனாள். அறை முழுக்க ஒரே மூச்சு. மிஸ்ஸின் கண் ஓரம் நனைந்து காதுக்குள் வழிந்தது. துடைக்க அவர் கையை எடுக்கவில்லை.

வாசல் மணி அடித்தது. சமையல் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு நுனிக்காலில் வந்தார். "அந்தக் கடி வாங்கின பையனோட அப்பா. உங்ககிட்டதான் பேசணுமாம்." மிஸ் எழுந்து உட்கார்ந்து, விரலை மெல்ல உருவப் பார்த்தார். பாதி விரல் வந்ததும் நிறுத்திவிட்டார். பெண்ணின் தோளைத் தொட்டு மெதுவாக அசைத்தார்.

"ஐயோ மிஸ், இப்பதான் தூங்குச்சு. எழுப்பாதீங்க" என்று அக்கா கையைப் பிசைந்தார்.

பெண் கண்ணைத் திறந்தாள். "வாசலுக்குப் போறேன் கண்ணு. அந்த மாமாகிட்ட பேசிட்டு வந்துடுவேன்" என்றார் மிஸ். மணி மறுபடியும் அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. பெண் அவர் முகத்தைப் பார்த்து, "ம்" என்று சொல்லி, தானாக விரலை விடும் வரை குனிந்தே காத்திருந்தார்.