மட்டையடி நாளில் மாமனார் வீட்டுக் கதவு

ஸ்ரீரங்கத்துப் பெருமாள் ராஜா. அந்த ராஜா காதல் கல்யாணம் செய்துகொண்டது எங்கள் உறையூர்ப் பெண்ணை. சோழ ராஜாவின் மகள். பங்குனியில் ஒரு நாள் அவளைப் பார்க்கக் காவிரி தாண்டி வருவார். விஷயம் தெரிந்த ஸ்ரீரங்கத்துத் தாயார், அவருடைய மூத்த மனைவி, பிறகு அவர் தன் சன்னிதிக்கு வரும்போது கதவைச் சாத்திவிடுவாள். வெண்ணெயும் பூவும் பழமும் அவர்மேல் பறக்கும். இதற்கு மட்டையடி என்று பெயர். இரண்டு கட்சியும் மாறி மாறி வழக்காடி, கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்தால்தான் கதவு திறக்கும்.

என் மாமனார் பெருமாள் கட்சி. பேங்கில் ரிட்டயர் ஆனவர். மோதிரம் தொலைந்தது, தேடப் போனேன் என்று பெருமாள் சொல்லும் சாக்குகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். "மனசுக்குப் பிடிச்சவளைப் பார்க்கப் போனது ஒரு குத்தமா?" என்று பக்கத்தில் நிற்பவர்களிடம் கண் கலங்கக் கேட்பார்.

அவர் மகள், உறையூர் சைக்கிள் கடைக்காரர் மகனான என்னை ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டபோது மட்டும் அவர் கண் கலங்கவில்லை. கதவைச் சாத்தினார். ஒவ்வொரு மட்டையடிக்கும் நாங்கள் போவோம்; அவளுக்கு அப்பாவைத் தூரத்திலிருந்தாவது பார்க்க வேண்டும். எங்களைக் கண்டதும் அவர் தூண் பக்கம் திரும்பிக்கொண்டு, பெருமாளுக்குப் பரிந்து பேசுவதைத் தொடர்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்றாம் வருஷம் மாமியார் போன் செய்தார். "மட்டையடி முடிஞ்சதும் நேரா நம்மாத்து வாசலுக்கு வந்துடுங்கோ."

போய் எதிர்சாரியில் நின்றோம். பின்னாலேயே மாமனார் வந்தார், தலையில் பூவிதழ்களோடு. எங்களைப் பார்க்காத மாதிரி படியேறிக் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. ஜன்னலுக்குள்ளிருந்து மாமியார் குரல் கொடுத்தார்.

"பெருமாள் உறையூர்ல பொண்ணெடுத்தா நியாயம் பேசறேள். நம்ம பொண்ணு அங்க வாழ்க்கைப்பட்டா தப்பா? அவாளையும் அழைச்சிண்டு வந்தாத்தான் கதவு திறக்கும்."

தெருவே வேடிக்கை பார்த்தது. வெறுங்கால், படி வெயிலில் காய்ந்திருந்தது. கால் மாற்றி மாற்றி நின்றார். தலையிலிருந்த பூவிதழ்களை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். கடைசியில் எங்கள் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளே, நீங்க கொஞ்சம் தட்டிப் பாருங்கோளேன்."

மூன்று வருஷத்தில் அவர் என்னை எதையாவது சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. என் மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள். இருவரும் படியேறினோம். ஒரே தட்டு; கதவு திறந்தது.

முதலில் உள்ளே ஓடியவர் அவர்தான். ஓடிய வேகத்தில் மகள் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.